ஆற்றை மீட்கக் கிளம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஆற்றை மீட்கலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் போய் நிற்பது ஆற்றங்கரையில்தான். முதல் தவறே அதுதான். ஆற்றைக் கெடுக்கும் மண்ணும் உரமும் பூச்சிமருந்தும் பெரும்பாலும் மேலே உள்ள சரிவுகளிலிருந்தும் சிற்றோடைகளிலிருந்தும் வந்து சேர்கின்றன. ஒரு நதியையும் அதன் கிளைகளையும் சேர்த்து அளந்தால், மொத்த நீளத்தில் பெரும்பங்கு ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய இந்த ஓடைகள்தான். சில மாதம் காய்ந்து கிடக்கின்றன என்பதற்காக அவற்றை மண் போட்டு மூடிவிடுகிறார்கள். அப்புறம் கீழே எவ்வளவு தூர்வாரினாலும் வண்டல் வந்துகொண்டேதான் இருக்கும். வேலையை மேலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது, ஆற்றை நேராக்கும் ஆசை. ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமி ஆறு சுமார் 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடியது. வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 1962 முதல் 1971 வரை அதை வெட்டி, 90 கிலோமீட்டர் கால்வாயாக மாற்றினார்கள். ஆற்றையொட்டிய சதுப்பு நிலம் காய்ந்தது. குளிர்காலத்தில் வந்து தங்கும் நீர்ப்பறவைகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. கடைசியில் கால்வாயின் ஒரு பகுதியை மறுபடி மண்ணால் நிரப்பி, தண்ணீரைப் பழைய வளைவுகளுக்கே திருப்பினார்கள். 1999-இல் தொடங்கிய அந்தக் கட்டுமானம் முடிய 2021 ஆனது.

வளைவு அழகுக்காக இருப்பதல்ல. அதன் வெளிப்பக்கம் ஆழமான மடு உருவாகும், உள்பக்கம் மணல் திட்டு சேரும். மடுவில் பெரிய மீன்கள் வறட்சியைத் தாங்கும். திட்டையொட்டிய ஆழமில்லாத நீரில் குஞ்சுகள் வளரும். நேரான கால்வாயில் இரண்டுக்கும் இடமில்லை. கான்கிரீட் கரையும் அப்படித்தான்: மண்ணைக் குடைந்து கூடு கட்டும் மீன்கொத்தி அங்கே எங்கே போகும்?

ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்களைக் குப்பை என்று அகற்றுவதையும் நிறுத்த வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், மீன்களின் வழியை மறிக்கின்றன என்று நினைத்துப் பல ஓடைகளிலிருந்து கட்டைகளை இழுத்துப் போட்டார்கள். கட்டைகள் போனதும் மடுக்களும் சரளைப் படுகைகளும் போயின. சரளையில் முட்டையிடும் சால்மன் மீன் இடம் தேடியது. இன்று அதே ஓடைகளில் செலவு செய்து கட்டைகளைத் திரும்பப் போடுகிறார்கள்.

மரம் நடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கே, என்ன மரம் என்று கேட்காமல் நடுவது ஆபத்து. மலைப் புல்வெளிகள் தரிசு நிலமல்ல. மழையை உள்வாங்கி மெதுவாக ஓடைக்குத் தருபவை. அங்கே தைலமரம், பைன், சீகை (வாட்டில்) போன்ற அயல் மரங்களை நட்டால் அவை நீரை உறிஞ்சிவிடும். தென்னாப்பிரிக்கா 1995-இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கி, நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பரவிய இத்தகைய அயல் மரங்களை வெட்டி வருகிறது.

கொசுவை ஒழிக்கக் கம்பூசியா மீனை விடுவதும் வேண்டாம். அது உள்ளூர் மீன்களின் குஞ்சுகளையும் தவளைகளின் முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும்.

பலரும் நட்ட கன்றுகளை எண்ணுகிறார்கள், ஆற்றைக் கவனிப்பதில்லை. வேலை தொடங்கும் முன்பே ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு ஆண்டும் அதே பருவத்தில், ஆற்றுக் கல்லைப் புரட்டி அடியில் வாழும் பூச்சிகளைப் பதிவு செய்யுங்கள். அவற்றில் சில வகைகள் மாசைச் சற்றும் தாங்காதவை. அவை எந்த ஓடையில் திரும்ப வருகின்றன, எதில் வரவில்லை என்று பார்த்து அடுத்த ஆண்டு வேலையை எங்கே செய்வது என்று முடிவு செய்யலாம்.