ஸ்டில் லைஃப் படத்தில் சறுக்கும் இடங்கள்

அசையாப் பொருள்களை மேசையில் வைத்துப் படமெடுக்கும் ஸ்டில் லைஃப் கலையைப் படிக்க வரும் பலரும் முதலில் பொருள் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கோயம்பேட்டில் பழமும் பூவும், மயிலாப்பூரில் பித்தளைச் சாமான். மேசை நிறைந்துவிடும், படம் நிறையாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் இருப்பது ஒரே ஒரு குடைமிளகாய். அதை ஒரு தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் உள்பக்கம் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் அந்த வளைவுகளை எழுப்பிக் காட்டுகிறது. ஒரு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு அதன்மேல் வெளிச்சம் எங்கே தொடங்கி எங்கே தேய்கிறது என்று பார்க்கப் பழகுவது, பத்துப் பொருள்களை அடுக்குவதைவிட நிறையக் கற்றுத்தரும்.

அடுத்த தவறு, வடக்கு ஜன்னலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. ‘வடக்கு ஜன்னல் ஓரம் மேசையைப் போடு, நாள் முழுக்க மென்மையான வெளிச்சம்’ என்ற பாடம் ஐரோப்பிய ஸ்டூடியோக்களுக்குப் பொருந்தும். சென்னை இருப்பதோ 13 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அப்புறம் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நாள் முழுக்க வானத்தின் வடக்குப் பக்கமாகவே போகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் சாய்ந்து விழும். தெற்கு ஜன்னலில்தான் நேர் வெயில் படாது. எனவே மே, ஜூனில் மேசையை அந்தப் பக்கம் மாற்றிப் போடுங்கள். முடியாவிட்டால் ஜன்னலில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டுங்கள்.

பித்தளைச் சொம்பு ஆசை எல்லோருக்கும் உண்டு, எனக்கும்தான். ஆனால் அதை நன்றாக உற்றுப் பாருங்கள். வயிற்றுப் பகுதியில் ஜன்னல் கம்பி, ஓரத்தில் ட்யூப் லைட், நடுவில் கேமராவும் அதன் பின்னால் நிற்பவரும் தெரிவார்கள். லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டால் போய்விடும் என்று நினைப்பது தவறு. கண்ணாடி, தண்ணீர் இவற்றின் பிரதிபலிப்பை அது குறைக்கும். வெறும் உலோகத்தில் பெரிதாக வேலை செய்யாது. சொம்பு எதைப் பார்க்கிறதோ அதைத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் வையுங்கள், அகலமான ஒரு பளபளப்பு கிடைக்கும். மறுபக்கம் கறுப்புச் சார்ட் வையுங்கள், விளிம்பு இருண்டு உருண்டை வடிவம் தெரியும். கேமராவுக்கு முன்னாலும் ஒரு கறுப்புச் சார்ட்டை லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். தேய்த்துத் துடைத்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், ரேகை அப்படியே படத்தில் வரும்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் படத்தைக் கெடுப்பவை. பகல் வெளிச்சத்தோடு ட்யூப் லைட்டும் எரிந்தால் ஒரே மாம்பழத்தில் இரண்டு நிறம் விழும். வெளிச்சத்தின் நிறத்துக்கு ஈடுகட்டும் ஒயிட் பேலன்ஸால் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது. ஃபேனையும் நிறுத்துங்கள். ட்ரைபாட் அசையாது, சரி; ஆனால் அரை செகண்ட் ஷட்டரில் வாழையிலை நுனி அசையும். லென்ஸ் துளை அகலத் திறந்திருக்கும் எஃப் 2.8இல் சொம்பின் முன்விளிம்பு மட்டும் கூர்மையாக நிற்கும், துளை மிகச் சிறிதாகும் எஃப் 22இல் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் மொத்தப் படமும் மழுங்கும். எஃப் 8 முதல் 11 வரை வைத்துப் பாருங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்தால், நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸ் பனித்துவிடும். துடைத்துக்கொண்டிருக்காமல் அரை மணி நேரம் பையிலேயே விட்டு எடுங்கள்.

பூ வைத்து எடுப்பவர்கள் வெளிச்சம் சரிபார்க்கும்போதே நல்ல மல்லிகைச் சரத்தை மேசையில் வைத்துவிடுகிறார்கள். எல்லாம் கூடிவருவதற்குள் அது துவண்டுவிடும். நேற்றைய சரத்தை வைத்து ஃபிரேம், ஃபோகஸ், எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். புதுச் சரம் அதுவரை ஈரத்துணியில் இருக்கட்டும்.