பன்னிரண்டு பேரும் ஒரு நிறுத்தற் கடிகாரமும்: நரம்பின் வேகத்தை வீட்டுத் தரையில் அளப்பது எப்படி

வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். நரம்புக்கலத்தின் படத்தை ஒரு கோடும் பிசகாமல் வரைந்து, சோடியம் அயன்கள் உட்செல்வதையும் பொற்றாசியம் அயன்கள் வெளியேறுவதையும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்களில் ஒருவரை நிறுத்தி, "கணுக்காலில் யாராவது தொட்டால் அந்தச் செய்தி உங்கள் மூளைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டால், "உடனே போய்விடும் மிஸ்" என்பார்கள். இந்த "உடனே" என்ற சொல்லை அவர்களே தங்கள் கையால் அளந்து, அதற்குப் பதிலாக ஓர் எண்ணை வைக்கவேண்டும் என்பதுதான் என் விருப்பம். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. பன்னிரண்டு பேர் வட்டமாக அமரக்கூடிய ஒரு முன்கூடம், ஓர் அளவுநாடா, ஓர் அடிமட்டம், நிறுத்தற் கடிகாரம் உள்ள ஒரு கைபேசி, அவற்றோடு பொறுமை ஆகியவை இருந்தால் போதும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறிஞர்களிடமும் அந்த "உடனே" இருந்தது. உடற்றொழிலியலில் பேராசானாக மதிக்கப்பட்ட யோகான்னஸ் முல்லர், நரம்பின் வேகத்தை அளக்க மனிதரால் இயலாது என்றே கருதியிருந்தார். அவரிடம் படித்த ஹேர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850ஐ ஒட்டிய காலத்தில் கோனிக்ஸ்பேர்க் நகரில், தவளையின் கால்தசையையும் அதனோடு சேர்ந்த நரம்பையும் கொண்டு அதை அளந்துவிட்டார். நரம்பைத் தசைக்கு அருகே ஓரிடத்திலும், தசையிலிருந்து விலகிய இன்னோரிடத்திலும் மின்னால் தூண்டி, இரு தடவையும் தசை சுருங்க எடுத்த நேரத்தைக் குறித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். தசை தனக்கென எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால் கழிக்கும்போது அது மறைந்துபோக, நரம்பில் கூடுதலாகக் கடந்த அந்தச் சிறு தூரத்துக்கான நேரம் மட்டும் எஞ்சியது. அவருக்குக் கிடைத்த வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர். நாம் செய்யப்போவதும் அதே கழித்தல்தான். இந்தப் பரிசோதனையில் வேறு எதை மறந்தாலும், எதை எதிலிருந்து, ஏன் கழிக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

கழித்தல் ஏன் தவிர்க்கமுடியாதது என்பதை உணர, முதலில் அடிமட்டத்தை எடுங்கள். ஒருவர் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தைச் செங்குத்தாகத் தொங்கவிட, மற்றவர் அதன் பூச்சியக் கோட்டுக்கு இருபுறமும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் வைத்திருக்கட்டும். சொல்லாமல், ஒழுங்கற்ற இடைவெளியில், அடிமட்டத்தை விடுங்கள். அது எத்தனை சென்ரிமீற்றர் விழுந்தபின் பிடிபட்டது என்று குறியுங்கள். அந்தத் தூரத்தை மீற்றரில் எழுதி, இருமடங்காக்கி, 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் செக்கனில் விடை வரும். 15 சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 175 மில்லிசெக்கன். 20 சென்ரிமீற்றர் என்றால் 200 மில்லிசெக்கன். 5 சென்ரிமீற்றருக்குள் பிடித்தால் அது 100 மில்லிசெக்கன்தான் ஆகும். அது பார்த்துப் பிடித்ததன்று, ஊகித்துப் பிடித்தது என்று நீக்கிவிடலாம். இப்போது யோசித்துப் பாருங்கள்: மூளையிலிருந்து விரலை இயக்கும் தசைவரை ஒரு மீற்றருக்கும் குறைவான தூரமே உள்ளது. 200 மில்லிசெக்கனில் நரம்பு வழியே ஓடுவதற்கு ஆன நேரம் அதில் ஒரு சிறு பங்குதான்; விழித்திரை ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றுவதற்கும், மூளை அதைப் பகுத்து முடிவெடுப்பதற்கும், தசை இறுகுவதற்கும் மீதி நேரமெல்லாம் போய்விடுகிறது. ஆகவே தூரத்தை இந்தத் துலங்கல் நேரத்தால் (தூண்டலுக்குப் பதில் செய்ய ஆன முழு நேரத்தால்) நேரடியாக வகுத்து "இதுதான் நரம்பின் வேகம்" என்று எழுதினால், அந்த விடை முழுப் பிழையாகிவிடும்.

இனி வட்டம். பன்னிரண்டு பேர் தரையில் உள்நோக்கி, முழங்காலை மடித்துப் பாதம் தரையில் பதியும்படி, நெருங்கி அமரட்டும். ஒவ்வொருவரும் தம் வலக்கையை வலப்பக்கத்தில் இருப்பவரின் இடத் தோளில் வைக்கவேண்டும். தொடக்குபவர் இடக்கையில் நிறுத்தற் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அதை இயக்கும் அதே கணத்தில் அடுத்தவரின் தோளை ஒருமுறை இறுக்கிப் பிடிப்பார். தம் தோளில் இறுக்கத்தை உணர்ந்தவர் உடனே அடுத்தவரின் தோளை இறுக்கவேண்டும். செய்தி ஐந்து சுற்று வந்து, ஐந்தாவது முறை தம்மிடம் சேர்ந்ததும் தொடக்கியவர் கடிகாரத்தை நிறுத்துவார். பன்னிரண்டு பேர், ஐந்து சுற்று, ஆக அறுபது கைமாற்றங்கள். பிறகு அதே இருக்கையில், அதே கையால், தோளுக்குப் பதில் இடக் கணுக்காலைப் பிடித்து அதையே செய்யவேண்டும். ஒரேயொரு சுற்றோடு நிறுத்திவிட்டால் நாம் தேடும் வேறுபாடு கடிகாரத்தை அழுத்தும் பெருவிரலின் தடுமாற்றத்துக்குள் மறைந்துவிடும். அறுபது தடவை சேரும்போது அது ஒரு செக்கனுக்கு மேல் வளர்ந்து கண்ணுக்குத் தெரிகிறது.

இங்கே எல்லாக் கவனமும் சிறிய விடயங்களில் இருக்கிறது. கண்களை மூடச்சொல்லுங்கள், எதிரே இருப்பவரின் கை அசைவதைப் பார்த்தால் செய்தி நரம்பு வழியே வருமுன் கண் வழியே வந்துவிடும். கண்ணை மூடிய பின்பும் ஒரு குழுவின் நேரங்கள் விளங்காதபடி குறைந்துகொண்டே போயின. நாலாம் முறையில்தான் காரணம் தெரிந்தது. ஒருவர் இறுக்கும்போதெல்லாம் அவருடைய கண்ணாடி வளையல்கள் கலகலத்தன, பக்கத்தில் இருந்தவர்கள் அந்த ஒலிக்கே தயாராகிவிட்டார்கள். அன்றிலிருந்து வளையலையும் கொலுசையும் கழற்றி ஒரு தட்டில் வைத்த பிறகே தொடங்குகிறோம். எங்கள் வீடு கரையோர ரயில் பாதைக்கு அருகில் இருப்பதால், ரயில் வரும் ஓசை கேட்டால் அது கடந்துபோகும் வரை காத்திருக்கிறோம். கவனம் சிதறிய சுற்று எதுவும் கணக்கில் சேராது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதைப் பிறமொழி வழிகாட்டிகளில் நான் கண்டதில்லை. நம் வீடுகளில் ஒருவரின் காலைத் தொடுவது வெறும் தொடுகையன்று. இளையவர் பெரியவரின் காலைத் தொடலாம். பெரியவர் இளையவரின் காலைப் பிடிக்கக் கூசுவார், பிடிபடுபவர் அதைவிடக் கூசிக் காலை இழுத்துக்கொள்வார். ஒருமுறை ஆள் குறைந்தபோது மாணவி ஒருவரின் அம்மம்மா தாமாகவே வந்து அமர்ந்தார். அவருக்கு வலப்பக்கத்தில் இருந்த பையனின் காலை அவர் பட்டும் படாமலும் பிடிக்க, ஒவ்வொரு சுற்றும் அந்த இடத்தில் வந்து தயங்கியது. பேத்தியை அவருக்கு வலப்பக்கத்தில் மாற்றி அமர்த்தியதும் தயக்கம் போய்விட்டது. குழந்தையாக இருந்தபோது எண்ணெய் தேய்த்துவிட்ட கால் அல்லவா அது. தயங்கிப் பிடிக்கும் மெல்லிய பிடி உணரப்படுவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த நேரம் நரம்பின் வேகமென்று பிழையாகக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே யார் யாரின் காலைத் தயக்கமின்றிப் பிடிப்பார்கள் என்று முதலிலேயே கேட்டு, ஆண்களையும் பெண்களையும் தனித்தனி வட்டமாகவோ, உறவினரை அடுத்தடுத்தோ அமர்த்துங்கள். தோளிலும் காலிலும் ஒரே அழுத்தத்தில் பிடிக்க முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

அளவீடுகளின் ஒழுங்கு மிக முக்கியமானது. தோளில் ஆறு முறையும் பிறகு காலில் ஆறு முறையும் செய்தால், இடையில் எல்லோரும் பழகி வேகமடைந்திருப்பார்கள், அல்லது களைத்து மந்தமடைந்திருப்பார்கள். அந்த மாற்றமும் கால் கணக்கில் விழுந்துவிடும். தோள், கால், கால், தோள் என்ற ஒழுங்கில் மூன்று தடவை செய்யுங்கள். பழகுவதற்காகச் செய்யும் முதல் சில சுற்றுகளைக் கணக்கில் எடுக்கவேண்டாம். ஆறு நேரங்களின் சராசரியைவிட இடையத்தையே, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பையே, நான் விரும்புகிறேன், ஏனெனில் யாரோ ஒருவர் சிரித்ததால் நீண்டுபோன ஒரு சுற்று சராசரியை இழுத்துவிடும், இடையத்தை அவ்வளவாக அசைக்காது.

தூரத்தை அளக்க, கழுத்தின் பின்னடியில் துருத்திக்கொண்டிருக்கும் முள்ளெலும்பைத் தொட்டுக் கண்டுபிடியுங்கள். கணுக்காலிலிருந்து கால் வழியாகவும் முதுகு வழியாகவும் அந்த எலும்பு வரை அளவுநாடாவால் அளந்து, தோளிலிருந்து அதே எலும்பு வரையுள்ள தூரத்தை அதிலிருந்து கழியுங்கள். பன்னிரண்டு பேரின் சராசரி 1.15 மீற்றர் என்றும், தோளின் இடைய நேரம் 16.2 செக்கன், காலின் இடைய நேரம் 17.6 செக்கன் என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு 1.4 செக்கன், அறுபதால் வகுத்தால் ஒரு கைமாற்றத்துக்கு ஏறத்தாழ 23 மில்லிசெக்கன், 1.15ஐ அந்த நேரத்தால் வகுத்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 49 மீற்றர். முடிவெடுத்த நேரமும் கைத்தசை இறுகிய நேரமும், இடப்பக்கத் தொடுகை வலது மூளை அரைக்கோளத்துக்குச் சென்று, அங்கிருந்து வலக்கையை இயக்கும் இடது அரைக்கோளத்துக்குக் கடந்த நேரமும் கூட இரண்டிலும் சமமாக இருந்து கழிந்துபோய்விட்டன. இந்த வரியை மாணவர்கள் விளங்கிக்கொள்ளும் கணத்தைப் பார்ப்பதற்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்கிறேன்.

கிடைத்த எண்ணை உடனே நம்பிவிடவேண்டாம். காலில் பிடித்த பிடி தளர்ந்திருந்தாலும், கணுக்காலின் தோல் தோளைப்போல் எளிதில் உணராவிட்டாலும், அதனால் ஆகும் தாமதம் தூரத்தால் ஆன தாமதம்போலவே தோன்றும். அதைச் சோதிக்க மூன்றாவதாக முழங்காலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் கிடையச்சிலும் நேரத்தை நிலைக்குத்தச்சிலும் வைத்துத் தோள், முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று புள்ளிகளையும் குறித்தால், அவை ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் விழவேண்டும். கணுக்கால் மட்டும் விலகி மேலே நின்றால், பிழை நரம்பில் இல்லை, பிடியிலோ தோலின் உணர்விலோ இருக்கிறது.

தொடுகையைக் காவிச்செல்லும், மயலின் எனும் கொழுப்புச் செறிந்த உறை உடைய நரம்புநார்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 35 முதல் 75 மீற்றர் வரையும், உறையற்ற மெல்லிய நார்கள் 0.5 முதல் 2 மீற்றர் வரையும் செய்தியைக் கடத்துகின்றன. உறையுள்ள நாரில் கணத்தாக்கம் (நரம்பின் மின்செய்தி) உறை இடைவிடும் ரன்வியர் கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவிச்செல்வதே இந்த வேறுபாட்டுக்கு முக்கிய காரணம். வாசற்படியில் கால்விரல் இடறும்போது, இடித்தது முதலில் தெரிந்து, ஆழ்ந்த கடுப்பு சற்றுப் பிந்தி வருவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். அந்த இடைவெளி இரு வகை நார்களின் வேகங்களுக்கு இடையிலான இடைவெளிதான்.

வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். கையோ காலோ ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் அங்குள்ள நரம்பின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2.5 மீற்றர் வரை குறையும். வைத்தியசாலைகளில் நரம்புக் கடத்தற் பரிசோதனைக்கு முன் குளிர்ந்த கைகால்களைச் சூடாக்குவது இதனால்தான். குளிரூட்டிய வகுப்பறையில் வெறுங்காலோடு ஒரு மணிநேரம் அமர்ந்திருந்த குழுவையும், மின்விசிறி மட்டும் சுழலும் கொழும்பு முன்கூடத்தில் அமர்ந்த குழுவையும் ஒப்பிடக்கூடாது.

பங்குபற்றும் ஒவ்வொருவரிடமும் என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கு நன்கு விளங்கும் மொழியில் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். முடிவுகளை ஆய்வாக வெளியிட எண்ணினால், தொடங்குவதற்கு முன்பே பல்கலைக்கழகமொன்றின் நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெறவேண்டும். பின்னர் கேட்டுப் பயனில்லை. நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தின் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அவர்கள் வட்டத்தில் இருந்தால் அதைத் தனியே குறித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த விளையாட்டை வைத்து எவருக்கும் நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லிவிடக்கூடாது. கால் மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

கொப்பியில் திகதி, அறையின் வெப்பநிலை, அமர்ந்த ஒழுங்கு, ஒவ்வொரு சுற்றின் நேரம் ஆகியவற்றை அந்த இடத்திலேயே பேனையால் எழுதுங்கள். கெட்டுப்போன சுற்றுகளையும் அழிக்காமல் எழுதி, பக்கத்தில் "ரயில்", "சிரிப்பு", "வளையல்" என்று காரணத்தைக் குறித்த பிறகே கோடிட்டு நீக்குங்கள்.