பழைய பேரிங் போனால் போகட்டும், பினியன் போகலாமா?

"எப்படியும் இரும்புக்கடைக்குப் போகிற பேரிங்தானே, அடித்துக் கழற்று." சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளில் இந்த வாக்கியம் காதில் விழாமல் ஒரு வாரம் கழியாது. பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலில் பேரிங் கழற்றும் வேலையில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கும் மேல், நானே செய்தவை உட்பட, இந்த ஒரு வாக்கியத்திலிருந்து முளைத்தவை. கழற்றுகிற பேரிங் குப்பைக்குப் போகும் என்பது உண்மை. அது உட்கார்ந்திருந்த பினியன் தண்டு, அதாவது முனையில் சிறு பல்சக்கரம் உள்ள தண்டு, குப்பைக்குப் போகாது. டிஃபரன்ஷியல் கூட்டின் கழுத்தும், வெளிக்கூடான ஹவுசிங்கின் துளையும், பினியனுக்கு அடியில் கிடக்கும் மெல்லிய தகடான ஷிம்மும் லாரியிலேயே இருக்கப் போகின்றன. பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலும் பினியனும் ஜோடியாகத்தான் விற்பனைக்கு வரும். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஆகவே பேரிங் கழற்றும் கருவி வாங்கும்போது வெளியே வரப்போகிற பொருளைப் பார்க்காதீர்கள், உள்ளே நிற்கப்போகிற பொருளைப் பாருங்கள்.

லாரியின் பின் ஆக்சிலில் இருப்பவை பெரும்பாலும் டேப்பர் ரோலர் பேரிங்குகள். இவை இரண்டு துண்டுகளாகப் பிரியும். வெளிவளையமான கப் ஹவுசிங்கில் தங்கிவிடும். உள்வளையமான கோன், ரோலர்களையும் அவற்றைக் கோத்துப் பிடித்திருக்கும் தகட்டுச் சட்டத்தையும் சுமந்துகொண்டு தண்டோடு வெளியே வரும். இந்த அமைப்பை மனதில் வாங்காமல், பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை வாங்குகிறவர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே மூன்று கால் புல்லர்

கடையில் முதலில் கண்ணில் படுவது மூன்று கால் புல்லர். புல்லி, கப்ளிங் கழற்ற அது போதும். பினியனின் தலைப் பேரிங்குக்கு அது உதவாது. அங்கே கோனின் பின்முகம் பினியன் பற்களின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். நடுவில் நகம் நுழையும் அளவுகூட இடைவெளி இராது. புல்லரின் தடித்த கால் அங்கே நுழையாது. நுழையாத கால் எதைப் பிடிக்கும்? வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுச் சட்டத்தைத்தான். இறுக்க இறுக்கச் சட்டம் கிழியும், ரோலர்கள் தரையெங்கும் உருளும். கோன் மட்டும் இம்மியும் அசையாமல் அப்படியே இருக்கும்.

இந்த இடத்துக்கென்று இருப்பது செப்பரேட்டர். இரண்டாகப் பிளந்த கனத்த தட்டு, உள்விளிம்பு கத்திபோல் சரிந்திருக்கும், இரண்டு பக்கமும் போல்ட். கோனுக்கும் பற்களுக்கும் நடுவில் விளிம்பை வைத்து இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கினால் விளிம்பு ஆப்புப்போல் உள்ளே இறங்கிக் கோனை மயிரிழை தூக்கிவிடும். ஒரு போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கோன் சாய்ந்து தண்டில் கடித்துக்கொள்ளும். விளிம்பு உள்ளே போனபின் தட்டைப் பிரஸ் மேசையில் தாங்கவைத்து, பற்கள் கீழே தொங்க, பினியனின் வால் முனையைப் பிரஸ்ஸால் அழுத்த வேண்டும். கோன் விட்டுக்கொடுக்கும் நொடியில் பினியன் கீழே விழும். அடியில் சாக்கு மூட்டையோ மரக்கட்டையோ வைக்க மறந்தவர்கள் பல் முனை உடைந்ததைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

செப்பரேட்டரிலும் ஒரு கண்ணி உண்டு. சில ஆக்சில்களில் பினியன் ஆழத்தைத் தீர்மானிக்கும் ஷிம், தலைப் பேரிங்குக்கும் பற்களுக்கும் நடுவிலேயே இருக்கும். வேறு சிலவற்றில் பினியன் பேரிங் கூட்டின் விளிம்புக்கு அடியில் இருக்கும். எது என்று தெரியாமல் கத்தி விளிம்பைச் செருகினால் ஷிம் மடிந்துவிடும். அதன் கனத்தை இனி மைக்ரோமீட்டரில் அளக்க முடியாது. பல் எந்த ஆழத்தில் இத்தனை காலம் ஓடியது என்பதற்கு இருந்த ஒரே அடையாளமும் அதோடு போயிற்று. பத்து நிமிடத்தில் முடியவேண்டிய பினியன் அமைப்பு, பல் எங்கே படிகிறது என்று சாயம் பூசிப் பார்த்து, கழற்றி, மறுபடி பூட்டி, அரை நாளைத் தின்னும்.

ஓட்டைக்கழுத்தில் எதை வைத்துத் தள்ளுகிறீர்கள்?

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதுதான் மிக முக்கியம். டிஃபரன்ஷியல் கூட்டின் இரண்டு பக்கக் கழுத்திலும் பேரிங் கோன் இறுகி இருக்கும். கழுத்து உள்ளே ஓட்டை. ஆக்சில் ஷாஃப்ட் அதன் வழியாகத்தான் போகிறது. புல்லரின் நடுத்திருகு ஊன்றுவதற்கு அங்கே இடமே இல்லை. ஆகவே கழுத்தின் முகத்தில் ஒரு வட்டக் கட்டையை வைத்து அதன்மேல் திருகை ஊன்ற வேண்டும். இந்தக் கட்டைக்குக் காசு செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கிடைத்த பாக்ஸ் ஸ்பானர், பழைய வாஷர், உடைந்த பல்சக்கரம் என்று எதையாவது வைப்பார்கள். கடினமேற்றிய எஃகு அந்த அழுத்தத்தில் சில்லாகத் தெறிக்கும். சாதாரண வாஷர் குவிந்து ஓட்டைக்குள் போய், கழுத்தின் விளிம்பை மலர்த்திவிடும். விளிம்பு மலர்ந்த கழுத்தில் புதுப் பேரிங் ஏறாது, அரத்தை எடுத்து உராய்வார்கள், அளவு கெடும்.

கட்டையின் அளவுக்கு ஒரே கணக்குதான். ஓட்டையை விடப் பெரியதாக இருக்க வேண்டும், கோனின் உள்விட்டத்தை விடச் சிறியதாக இருக்க வேண்டும். பெரியதாகப் போனால் கட்டை கழுத்தோடு கோனையும் சேர்த்து அழுத்தும். கால்கள் கோனை இழுக்க, திருகு அதே கோனைத் தள்ள, கடைசியில் உடைவது புல்லர். ஒருமுறை நாங்கள் இருவர் முக்கால் மணி நேரம் இப்படி மல்லுக்கட்டினோம். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கடைசல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எதை இழுக்கிறீர்கள், எதைத் தள்ளுகிறீர்கள்?" என்று கேட்டார். அவரே மறுநாள் நான்கு அளவில் கட்டை கடைந்து கொடுத்தார். இன்றும் அவைதான் பயன்படுகின்றன.

பல லாரிகளின் டிஃபரன்ஷியல் கூட்டில் கோனுக்குப் பின்னால் புல்லர் கால் நுழைவதற்கென்றே எதிரெதிரே இரண்டு பள்ளங்கள் விட்டிருப்பார்கள். எண்ணெய்க் கசடு அடைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. டீசல் விட்டுத் துடைத்துப் பார்த்தபின் புல்லரைத் தேர்ந்தெடுங்கள். பள்ளம் இரண்டு என்றால் இரண்டு கால் புல்லர்தான். மூன்று கால் நல்லது என்ற பொதுவிதி இங்கே செல்லாது, மூன்றாவது கால் அந்தரத்தில் தொங்கும். கால்கள் அகலமாக விரிந்து சாய்ந்து நிற்கக் கூடாது, தண்டுக்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்த கால் எப்போது வழுக்கும் என்று சொல்ல முடியாது.

பலத்தைக் கண்ணால் அளப்பது

புல்லரின் திறனைத் தேர்ந்தெடுக்கத் தொழிலில் புழங்கும் ஒரு குத்துமதிப்பு உண்டு: தண்டின் விட்டம் எத்தனை அங்குலமோ, அதை ஏழு முதல் பத்து வரை பெருக்கினால் வருவது டன். 75 மி.மீ. தண்டு ஏறக்குறைய 3 அங்குலம். 21 முதல் 30 டன் திறன் வேண்டும். எல்லாப் பேரிங்கும் அவ்வளவு பலம் கேட்காது, ஆனால் துருப்பிடித்து இறுகிய ஒன்று கேட்கும். திருகுப் புல்லர் என்றால் நடுத்திருகின் விட்டம் தண்டின் விட்டத்தில் பாதியாவது இருக்க வேண்டும். கார் வேலைக்கு வாங்கிய புல்லரை லாரிக்கு எடுத்துவருகிறவர்கள் இந்த இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்தால் அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள்.

செப்பரேட்டரோடு இரண்டு கம்பியும் ஒரு குறுக்குச் சட்டமும் சேர்த்து இழுக்கும்போது இன்னொரு தவறு நடக்கும். கட்டட வேலைக்கு விற்கும் மரையிட்ட கம்பியை வாங்கி மாட்டிவிடுவார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். 16 மி.மீ. கம்பி 4.6 என்ற வலிமைத் தரம் என்றால் ஏறக்குறைய மூன்றரை டன் வரை நீளாமல் தாங்கும். அதே கனத்தில் 8.8 தரம் ஒன்பது டன்னைத் தாங்கும். இரண்டு கம்பிக்குக் கணக்கிட்டால் ஏழு டன் எங்கே, பதினெட்டு டன் எங்கே! போல்ட் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பார்கள். ஒன்றும் பொறிக்காத கம்பியை நம்பாதீர்கள். எனக்கு ஒருமுறை அறுந்த கம்பி, கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு இழுக்கும்போது புல்லரின்மேல் கனமான சாக்கைச் சுற்றுவதும், திருகின் நேர்க்கோட்டில் ஆள் நிற்காமல் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டன.

இம்பாக்ட் துப்பாக்கியால் புல்லர் திருகைச் சுற்றுவது வேகம்போலத் தோன்றும். மரைக்குக் கிரீஸ் தடவிக் கையால் இறுக்கும்போது, பேரிங் நகர்கிறதா அல்லது புல்லர் வளைகிறதா என்பது கைக்குத் தெரியும். துப்பாக்கிக்குத் தெரியாது.

நெருப்பும் சுத்தியலும்

பேரிங் வராவிட்டால் அடுத்து கேஸ் விளக்கு. கோனைப் பழுக்கக் காய்ச்சினால் விரிந்து விழுந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூடு கோனோடு நிற்பதில்லை. பினியன் மேல்தோல் கடினமேற்றி, ஏறக்குறைய 150 முதல் 200 டிகிரியில் பதப்படுத்திய எஃகு. தண்டில் வைக்கோல் நிறம் தெரிந்தால் சூடு 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. நீலம் பாய்ந்தால் ஏறக்குறைய 300. அப்போதே கடினம் இறங்கத் தொடங்கிவிட்டது. அந்தத் தண்டில் ஏற்றிய புதுக் கோன் சில மாதத்தில் சுற்ற ஆரம்பித்தால் பேரிங் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. புதுப் பேரிங் ஏற்றும்போதும் இதே எச்சரிக்கைதான்: எண்ணெய்த் தொட்டியிலோ தூண்டல் சூடேற்றியிலோ 100 டிகிரி போதும், 120ஐத் தாண்டக் கூடாது.

நெருப்பில் இன்னொரு நட்டம், சாட்சி அழிந்துபோவது. கழற்றிய பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் அது ஏன் போனது என்று அதுவே சொல்லும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, ரோலர்களில் இரும்புத்தூள் அழுத்திய குழிகள் இருக்கின்றனவா, எண்ணெய் இல்லாமல் காய்ந்து நிறம் மாறியிருக்கிறதா? விளக்கு வைத்தபின் எல்லாம் ஒரே நீலம்.

வேறு வழியே இல்லையென்றால் சிறு கிரைண்டர்தான் நெருப்பை விட நல்லது. சட்டத்தையும் ரோலர்களையும் முதலில் உரித்தெடுத்து, கோனில் நீளவாக்கில் ஒரு வெட்டு. தண்டைத் தொடுவதற்கு முன், ஒரு மி.மீ. மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, வெட்டில் உளியை வைத்து ஒரே அடி. கோன் கடினமான எஃகு என்பதால் டப்பென்று பிளந்து பிடியை விட்டுவிடும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள். இதே காரணத்தால்தான் சுத்தியலால் வளையத்தை நேரடியாக அடிக்கக் கூடாது. கடினமான வளையம், கடினமான சுத்தியல் முகம், இரண்டும் மோதினால் சில்லு பறக்கும். நடுவில் பித்தளைக் கட்டையோ மென்மையான இரும்போ இருக்க வேண்டும். பித்தளைத் துகள் ஹவுசிங்குக்குள் விழும், கழுவ மறக்கக் கூடாது.

ஹவுசிங்கில் தங்கிய கப் விஷயத்தில், பின்னால் தட்ட விளிம்பு தெரிந்தால் கட்டையால் சுற்றிச் சுற்றித் தட்டினாலே வந்துவிடும். விளிம்பே தெரியாத கப்புக்கு வெல்டிங் நல்ல வழி. உள்முகத்தில் சுற்றிலும் ஒரு வரி வெல்டு ஓட்டி ஆறவிட்டால் கப் சுருங்கித் தானாகக் கழன்றுவரும். எர்த் கவ்வியை ஹவுசிங்கில் அந்தக் கப்புக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். வேறெங்கோ மாட்டினால் மின்சாரம் நல்ல பேரிங் வழியே பாய்ந்து அதையும் கெடுத்துவிடும். பக்கப் பேரிங் கப்புகளுக்குக் கருவியே வேண்டாம், அவற்றை மேலிருந்து பிடித்திருக்கும் தொப்பிகளைக் கழற்றினால் கையோடு வரும். அந்தத் தொப்பிகள் ஹவுசிங்கோடு சேர்த்துத் துளையிட்டவை. இடம், வலம் அடையாளம் வைக்காமல் கழற்றி மாற்றிப் பூட்டினால் துளை வட்டமாக இராது.

பினியன் மூக்கில் உள்ள சிறு ரோலர் பேரிங்கை இருபது டன் பிரஸ்ஸில் வைத்தும் நகரவில்லை என்று ஒருவர் கூப்பிட்டார். பேரிங் நகராமல் பூட்டிவைக்கும் வளையமான சர்க்கிளிப்பைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

புதிதாகப் பட்டறை தொடங்குகிறவர் கையில் பணம் குறைவு என்றால், முதலில் நல்ல கனமான செப்பரேட்டர், அடுத்து கடைசலில் கடைந்த கட்டைகள், அதன்பிறகு பிரஸ். பளபளப்பான ஹைட்ராலிக் புல்லர் பெட்டி கடைசி. கழுத்துக்கான கட்டை கையில் இல்லாதவர் அந்தப் பெட்டியை வாங்கியும் மறுபடி சுத்தியலைத்தான் எடுப்பார்.

ஒழுங்காகக் கழன்றுவந்த பழைய கோனை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சட்டத்தையும் ரோலர்களையும் கழற்றிவிட்டு உள்விட்டத்தைக் கொஞ்சம் கிரைண்ட் செய்தால், தண்டில் தளர்வாக நுழையும். புதுக் கோனை ஏற்றும்போது அதன்மேல் இதை வைத்து அழுத்தலாம். விசை உள்வளையத்தில் மட்டும் விழும், சட்டத்தில் படாது. எந்த ஆக்சிலுக்கானது என்று பெயின்ட்டில் எழுதிச் சுவரில் மாட்டிவையுங்கள்.