ஹவுஸ் போட்டி கடைசி நாள் வரை சூடு குறையாமல் நடக்க

பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்த நான்கு ஹவுஸ் (அணிகள்), வருடம் முழுக்கப் போட்டிகள், முடிவில் ஒரு கோப்பை. பல பள்ளிகளில் பாதி வருடத்திலேயே ஒரு ஹவுஸ் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மற்ற மூன்றிலும் இருக்கிற பிள்ளைகள் நிழல் தேடி உட்கார்ந்துவிடுவார்கள். உடனே பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை என்று பேச்சு வரும். பெரும்பாலும் பிசகியிருப்பது மதிப்பெண் கணக்குதான்.

முதலில் பிரிப்பு. வகுப்பு வாரியாக, திறமை வரிசையில் ஒரு பட்டியல் போடுங்கள். அதை 1-2-3-4, 1-2-3-4 என்று பங்கிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் முதல் ஹவுஸுக்குச் சற்றே நல்ல ஆளும் நான்காவதற்குச் சற்றே குறைந்த ஆளும் போவார்கள். பத்துச் சுற்றில் அது பெரிய இடைவெளி. 1-2-3-4, 4-3-2-1 என்று மடக்கி மடக்கிப் பங்கிடுங்கள். அடுத்த வகுப்பை வேறு ஹவுஸிலிருந்து தொடங்குங்கள். ஓட்டக்காரர்களை மட்டும் பார்க்காமல் மேடையில் பேசுகிறவர்கள், பாடுகிறவர்களும் ஒரே பக்கம் குவியாமல் கடைசியில் ஒருமுறை சரிபாருங்கள்.

முதல் நான்கு இடங்களுக்கான மதிப்பெண், தனிப்போட்டிக்கு 5-3-2-1, குழுப்போட்டிக்கு இரட்டிப்பாக 10-6-4-2. நான்காம் இடத்துக்கும் ஏதாவது கிடைப்பது முக்கியம். ஒருவருக்கு இரண்டு தனிப்போட்டி, ஒரு ரிலே (தொடர் ஓட்டம்) என்று வரம்பு வையுங்கள். இல்லையென்றால் ஒரே வேகக்காரர் 100, 200, 400, நீளம் தாண்டுதல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவார். அவர் ஹவுஸிலேயே மற்றவர்கள் பெயர் கொடுக்க மாட்டார்கள்.

பங்கேற்புக்கும் மதிப்பெண் உண்டு. தலை எண்ணிக்கையில் கொடுக்காமல் சதவீதத்தில் கொடுங்கள். 60 பேர் உள்ள ஹவுஸில் 45 பேர் ஒருமுறையாவது களமிறங்கினால் 75 சதவீதம். 5 சதவீதத்துக்கு ஒரு மதிப்பெண் என்றால் 15. பெயர் கொடுத்துவிட்டு வராதவர் கணக்கில் சேர மாட்டார். ஒழுங்கு தவறினால் ஹவுஸ் மதிப்பெண்ணைக் குறைக்கும் வழக்கம் எங்களுக்குப் பிடிக்காது: மொத்தக் கூட்டமும் ஒரு பிள்ளையின் மேல் பாயும். அன்றைய மதிப்பெண் அன்றே பலகையில் ஏற வேண்டும். ஒருவர் எழுத, இன்னொருவர் கூட்டிப் பார்க்கட்டும்.

கயிறு இழுப்பதையும் ரிலேவையும் கடைசிக்கு வையுங்கள். கயிறு இழுப்பதில் கவனம் தவறினால் பெரிய விபத்து நேரலாம். அணிக்கு 8 பேர். கயிறு குறைந்தது 33.5 மீட்டர் நீளம், சுற்றளவு 10 முதல் 12.5 செ.மீ. நடுவில் சிவப்பு நாடா, அதிலிருந்து இருபுறமும் 4 மீட்டரில் வெள்ளை நாடா. தரையில் ஒரு நடுக்கோடு. எதிரணியின் வெள்ளை நாடா அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒரு இழுப்பு முடிந்தது. மூன்றில் இரண்டு வென்றவர் வெற்றி. ஆள் கணக்கோடு மொத்த எடையையும் சமன் செய்யுங்கள்.

நைலான் கயிறு வேண்டாம். இழுக்க இழுக்க நீண்டு, அறுந்தால் சாட்டை போலத் திரும்பி அடிக்கும். தடித்த நார்க் கயிறு எடுத்து, முறுக்கை அங்கங்கே பிரித்து உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். கையில் யாரும் கயிற்றைச் சுற்றக் கூடாது. சுருக்கு இறுகினால் விரலே போய்விடும். முடிச்சும் கண்ணியும் கடைசி ஆளுக்குக்கூட அனுமதியில்லை. தோற்கிற அணி படக்கென்று கயிற்றை விட்டால் எதிரே இருப்பவர்கள் மல்லாக்க விழுவார்கள். விசில் ஊதிய பிறகும் பிடியைத் தளர்த்தாமல் மெல்லக் கீழே வைக்கப் பழக்குங்கள்.

4×100 ரிலேயில் பேட்டன் (ஓடுபவர் அடுத்தவரிடம் கொடுக்கும் குச்சி) மாற்றும் பகுதி இப்போது 30 மீட்டர். முன்பு 20 ஆக இருந்ததால் பழைய கோடுகளை நம்பாமல் அளந்து போடுங்கள். ஓடுபவரின் கால் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, பேட்டன் அந்தப் பகுதிக்குள் கைமாறியதா என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நடுவரை நிறுத்தாவிட்டால் சண்டை நிச்சயம்.

மாதம் ஒருமுறை, எந்தத் தாளிலும் பெயர் வராதவர்களைத் தனியாக எழுதிப் பாருங்கள். ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, லேன் சீட்டு எழுதுவது, குண்டு எறிதலில் குண்டு விழுந்த இடத்தை அளப்பது ஆகிய வேலைகளை முதலில் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பங்கேற்பு மதிப்பெண் இதற்கும் சேரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.