பன்னீர் ரோஜாவைப் புதராக வளர விடுங்கள்: வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என்னை அழைத்துத் தன் பன்னீர் ரோஜாச் செடியைக் காட்டினார். அவர் மாமியார் காலத்துச் செடியிலிருந்து பதியம் போட்டு எடுத்த கன்று அது. நட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியும் வயதான இரண்டு கிளைகள் மட்டுமே நின்றன. நுனியில் வாடிய நான்கு இலைகள். "அடியிலிருந்து வரும் தளிரை வளர விடக்கூடாது என்றார்களே, நானும் ஒன்று விடாமல் கிள்ளி எறிகிறேன். ஆனாலும் செடி தேறவில்லையே" என்றார். எனக்கு மனம் பதறியது. அந்தச் செடி பிழைப்பதற்காக விட்ட கிளைகளைத்தான் அவர் இரண்டு ஆண்டுகளாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கிடைத்த அறிவுரை ஒட்டு ரோஜாவுக்குச் சரியானது. ஒட்டுச் செடியில் மேலே ஒரு ரகம், வேருக்கு வேறொரு ரகம். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிர் வேர்ச்செடியினுடையது. வளர விட்டால் மேலே இருப்பதை அமுக்கிவிடும். பதியத்தில் வந்த பன்னீர் ரோஜாவோ தன் வேரிலேயே நிற்கிறது. அதில் எங்கிருந்து தளிர் வந்தாலும் அதே செடிதான், அதே பூதான். சில ஆண்டுகளில் பழைய கிளைகள் பட்டை தடித்துப் பூப்பது குறையும்போது, அடியிலிருந்து வரும் இந்தக் கொழுத்த சிவந்த தளிர்கள்தான் அவற்றின் இடத்தைப் பிடிக்கும்.

வீடுகளில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் நேர்கின்றன. பூங்கொத்துக் கடைக்காக நீண்ட காம்பில் ஒற்றைப் பூவாக வளர்க்கும் ரோஜாக்களின் விதிகளை எடுத்து, இயல்பிலேயே புதரான ஒரு செடியின் மேல் சுமத்துகிறோம். 1867இல் பிரான்சில் 'லா பிரான்ஸ்' என்ற கலப்பின ரோஜா அறிமுகமானது. அந்த ஆண்டுக்கு முன்பே இருந்த ரோஜா வகைகளைப் பழந்தோட்ட ரோஜாக்கள் என்றும், பின்னால் உருவான வகைகளை நவீன ரோஜாக்கள் என்றும் பிரிப்பது ரோஜா வளர்ப்போரின் வழக்கம். நம் ஊரில் பன்னீர் ரோஜா என்ற பெயரில் டமாஸ்க் ரோஜாவும் புழங்குகிறது, எட்வர்டு ரோஜாவும் புழங்குகிறது. இரண்டுமே பழைய பக்கத்தைச் சேர்ந்தவை. எட்வர்டு ரோஜா, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த போர்பன் குடும்பத்துச் செடி. டமாஸ்க்கிடமிருந்து வாசமும், சீன ரோஜாவிடமிருந்து திரும்பத் திரும்பப் பூக்கும் குணமும் அதற்கு வந்தன.

வாங்கும்போதே நேரும் தவறு

பெயர் அட்டையை நம்பி வாங்காதீர்கள். நானே ஒருமுறை பன்னீர் ரோஜா என்று சொல்லித் தந்த செடியை வாங்கி வந்து, எட்டு மாதம் காத்திருந்து, முதல் பூவை முகர்ந்தபோது வெறும் பச்சை இலை வாசம்தான் வந்தது. பூ பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் வளர்க்க நினைத்தது வாசத்துக்காக. அதனால் பூவோடு இருக்கும் செடியைத் தேடி, காலை நேரத்தில் போய், முகர்ந்து பார்த்து வாங்குங்கள். தண்டின் அடியில் முண்டு போல வீங்கியிருந்தாலோ, பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தாலோ அது ஒட்டுச் செடி. பதியம் போட்ட கன்றோ குச்சி வைத்து வளர்த்த கன்றோ இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வாசமில்லாத செடிக்கு எந்த உரத்தாலும் வாசம் வராது. 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நல்ல வாசமுள்ள 'பாப்பா மெய்லான்' ரோஜாவையும் வாசம் குறைந்த 'ரூஜ் மெய்லான்' ரோஜாவையும் ஒப்பிட்டார்கள். வாசமுள்ளதன் இதழ்களில் மும்முரமாகச் செயல்படும் ஒரு நொதி, வாசமில்லாததில் ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது. வாசம் செடியின் பிறப்பிலேயே இருக்க வேண்டும். நம் கையில் இருப்பது, இருக்கும் வாசத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையும் உண்டு. "மஞ்சள் ரோஜாதான் வாங்கினேன், இப்போது வாசமான இளஞ்சிவப்புப் பூ பூக்கிறது, செடி மாறிவிட்டது" என்று சிலர் வியப்பார்கள். செடி மாறவில்லை. தென்னிந்தியாவில் எட்வர்டு ரோஜாவை வேர்ச்செடியாகவும் பயன்படுத்துகிறார்கள். மேலே ஒட்டிய மஞ்சள் ரகம் செத்து, கீழிருந்த எட்வர்டு தலையெடுத்திருக்கும். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் பிடுங்கி எறியாதீர்கள்; நீங்கள் தேடும் செடி அதுவாகவே இருக்கலாம்.

கவாத்து: பயமும் அவசரமும்

மல்லிகையைக் கவாத்து செய்யத் தயங்காதவர்கள்கூட ரோஜாவில் கத்தரியை வைக்கப் பயப்படுகிறார்கள். பூக்கிற கிளையை எப்படி வெட்டுவது என்ற இரக்கம். ஆனால் இந்தச் செடி புதுத்தளிரின் நுனியில்தான் பூக்கிறது. வெட்டாத செடி ஆளுயரம் ஏறி, உச்சியில் இரண்டு சிறிய பூக்களைக் காட்டிவிட்டு, அடியில் மொட்டைக் குச்சிகளாக நிற்கும்.

தமிழ்நாட்டில் கவாத்துக்கு ஏற்ற காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. முந்தைய ஆண்டின் கிளைகளைப் பாதி உயரத்துக்குக் குறைத்தால் போதும். இங்கேயும் ஒட்டு ரோஜாவின் விதி குறுக்கே வரும். தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் விட்டு மொட்டையடிக்கச் சொல்வார்கள். பூக்கடைக்கு நீளக் காம்பு வேண்டும் என்பவர்களின் முறை அது. நமக்கு வேண்டியது காம்பில்லை. கூடை நிறையப் பூ. முதலில் காய்ந்தவை, நோய் கண்டவை, உள்நோக்கி வளர்ந்து ஒன்றையொன்று உரசுபவை ஆகியவற்றை அடியோடு எடுங்கள். மிச்சத்தை, வெளிப்பக்கம் பார்க்கும் ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். கத்தரி கூர்மையாக இருக்க வேண்டும். நசுங்கிய வெட்டுவாயில்தான் நுனிக்கருகல் நோய் புகுந்து கிளை மேலிருந்து கீழாகக் கறுத்துக்கொண்டே வரும். வெட்டியவுடன், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவிவிடுவது நல்லது.

கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நடுவில் வெட்டினால் அந்தப் புண் ஆறாது. வானம் வெளுத்து இரண்டு மூன்று நாள் வெயில் காயும் இடைவெளிக்குக் காத்திருங்கள். மார்கழிக்குத் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. கோடையில் கடுங்கவாத்து செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். இலைநிழலை இழந்த தண்டு சித்திரை வெயிலில் வெந்துவிடும். சரியான பருவத்தில் வெட்டிய செடி ஏறக்குறைய 45 நாட்களில் பூக்கத் தொடங்கும்.

கவாத்தைவிட எனக்குப் பிடித்த வேலை இன்னொன்று உண்டு. நம் வீடுகளில் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. சாட்டை போல நெடுநெடுவென்று ஒரு கிளை கிளம்பினால் அதை வெட்டாமல், மெதுவாக வளைத்து, படுக்கை வாட்டில் இழுத்து, தரையில் அடித்த முளையிலோ பக்கத்துக் கம்பியிலோ சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். நிமிர்ந்து நிற்கும் கிளையில் நுனிமொட்டு சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே உள்ள கணுக்களை உறங்க வைத்திருக்கும். கிளையைப் படுக்க வைத்தால் அந்தப் பிடி தளர்ந்து, கணுவுக்குக் கணு பக்கத் தளிர் எழும்பி ஒவ்வொன்றிலும் மொட்டு வைக்கும். போர்பன் ரோஜாக்களை ஐரோப்பியத் தோட்டங்களில் இப்படித்தான் வளைத்துப் பூக்கவைக்கிறார்கள். ஒரே நாளில் முழுக்க வளைத்தால் கிளை முறியும். தண்ணீர் ஊற்றிய மறுநாள் கொஞ்சம், ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாகச் செய்யுங்கள்.

தண்ணீரும் தொட்டியும்

தினமும் ஒரு குவளை தெளிப்பதைவிட, மேல்மண் இரண்டு விரல்கட்டை ஆழம் காய்ந்த பிறகு வேர்வரை இறங்குமாறு நிறைய ஊற்றுவது மேல். மேலோட்டமாக நனைத்துக்கொண்டே இருந்தால் வேர்களும் மேலேயே சுற்றும். ஒருநாள் வெளியூர் போனால் செடி துவண்டுவிடும். மாலையில் இலைமேல் குழாயைப் பிடிக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். கரும்புள்ளி நோயின் பூசண வித்துகள் முளைக்க, இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். மாலை நனையும் இலை அந்த ஏழு மணி நேரத்தை இரவில் தாராளமாகத் தந்துவிடுகிறது. விடியற்காலையில் ஊற்றுங்கள், தூருக்கு ஊற்றுங்கள். புள்ளி விழுந்து உதிர்ந்த இலைகளைச் செடியடியில் மட்க விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

சென்னை போன்ற ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலைகள் மஞ்சளாவது இதன் அறிகுறி. மண் காரத்தன்மை அடைந்து இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் போயிருக்கும். இதைப் பட்டினி என்று எண்ணி மேலும் உரம் கொட்டுவார்கள். தொட்டியில் உப்பு இன்னும் ஏறும். மழைநீரைச் சேர்த்து வைத்து வாரம் ஒருமுறையாவது ஊற்றிப் பாருங்கள்.

தரையில் இடமிருந்தால் தரையில்தான் நட வேண்டும். 45 செ.மீ. நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, பத்துக் கிலோ மட்கிய தொழு உரத்தை மண்ணோடு கலந்து நடுங்கள். ஒரு நாளில் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். தொட்டிதான் வழி என்றால் வாயகலம் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. மொட்டைமாடியில் தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் வையுங்கள். பங்குனி, சித்திரையில் சிமெண்டுத் தளத்தின் சூடு வேரைச் சுடும்.

சமையலறைக் கழிவெல்லாம் உரமாகாது

முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, வெங்காயத் தோல் ஆகிய மூன்றும் ரோஜாவின் தீனி என்று ஆகிவிட்டது. பாலும் சர்க்கரையும் கலந்த தேயிலைச் சக்கையை அப்படியே கொட்டினால் எறும்புதான் வரும். எறும்பு வந்தால் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் பாதுகாத்து வளர்க்கும். நன்றாகக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள், இல்லையென்றால் மட்குத்தொட்டியில் போடுங்கள். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும். அதை நம்பி மற்றதை நிறுத்த வேண்டாம். பச்சைச் சாணம் வேரைச் சுடும். மாதம் ஒருமுறை இரண்டு கை மட்கிய தொழு உரமும், ஒரு கை வேப்பம் புண்ணாக்கும், இடையில் மூன்று நாள் ஊறிய கடலைப் புண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு நீரில் கலந்து ஒருமுறையும் போதுமானது. தழைச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இலை தளதளவென்று இருக்கும், அசுவினி மொய்க்கும், மொட்டு வராது.

பூச்சிகளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்தப் பூவைத் தலையில் வைக்கிறோம், சாமிக்குச் சாத்துகிறோம், குல்கந்தாக்கிக் குழந்தைக்கு ஊட்டுகிறோம். அதன்மேல் கடையில் கிடைக்கும் பூச்சிக்கொல்லியை அடிக்காதீர்கள். கோடையில் இலையின் அடியில் மெல்லிய வலையும் மேலே வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்தி. காலையில் இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி போய்விடும். வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் தாழ்ந்த பிறகு, பூக்களைப் பறித்துவிட்டுத் தெளியுங்கள். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பறிக்கும் நேரம்

எட்டு மணிக்குமேல் சாவகாசமாகப் பறித்துவிட்டு வாசம் குறைவு என்பது செடிக்கு இழைக்கும் அநீதி. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் வடிப்பவர்களுக்காக விடியற்காலையிலேயே பூவைப் பறித்துவிடுவது இதனால்தான். வெயில் ஏற ஏற வாசனை எண்ணெய் காற்றில் கலந்துவிடும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டும் என்றால், ஒரு பூவில் இருப்பது எவ்வளவு சிறிது என்று எண்ணிப் பாருங்கள். பாதி விரிந்த பூவைச் சூரியன் மேலே வருமுன் எடுங்கள். இதழைக் காயவைப்பதானால் நிழலில், வெள்ளைத் துணிமேல். பறிக்காமல் விட்ட பூ வாடினால், அதற்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் இலைவரை சேர்த்து வெட்டிவிடுங்கள். அடுத்த மொட்டு சீக்கிரம் வரும்.

உங்கள் செடி நல்ல வாசமுள்ளதாக அமைந்துவிட்டால் கேட்பவர்களுக்கெல்லாம் பதியம் போட்டுக் கொடுங்கள். தாழ்வான கிளையொன்றை வளைத்து, மண்ணில் படும் இடத்தில் பட்டையை லேசாகச் சீவி, மூன்று அங்குலம் மண்மூடி, மேலே ஒரு கல்லை வையுங்கள். இதில் எல்லோரும் செய்யும் தவறு, வேர் வந்ததா என்று பத்தாம் நாளே தோண்டிப் பார்ப்பது. இரண்டு மாதம் தொடாதீர்கள். தாய்ச்செடியிலிருந்து வெட்டிய பிறகும் பத்து நாள் அதே இடத்தில் இருக்கட்டும்; பிறகு மண்கட்டி உடையாமல் பெயர்த்து எடுங்கள்.