பைத்தானில் ஓஎஸ், பிராசசர் இரண்டையும் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே பைத்தான் ஸ்கிரிப்ட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட வேண்டும், அந்தந்த மெஷினுக்கான பைனரியை (அப்படியே ஓட்டக்கூடிய புரோகிராம் ஃபைலை) அதுவே டவுன்லோட் செய்துகொள்ளவும் வேண்டும் என்றால் என்ன செய்வது? பைத்தான் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஓஎஸ். சிஸ்.பிளாட்ஃபார்மை பிரின்ட் செய்து பாருங்கள். லினக்ஸில் 'லினக்ஸ்', மேக்கில் 'டார்வின்', விண்டோஸில் 'வின்32' என்று வரும். 64 பிட் விண்டோஸிலும் வின்32தான், அதை வைத்துப் பிட் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்து பிராசசர். பிளாட்ஃபார்ம்.மெஷின்() போட்டால், இன்டெல் சிப்பாகவே இருந்தாலும் விண்டோஸ் 'ஏஎம்டி64' என்று சொல்லும், லினக்ஸ் அதையே 'எக்ஸ்86_64' என்னும். ஆர்ம் சிப் என்றால் மேக்கில் 'ஆர்ம்64', லினக்ஸில் 'ஏஆர்ச்64'. விடையை லோயர்() போட்டுச் சின்ன எழுத்தாக்கி, ஒரு டிக்ஷனரி வைத்து ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கோ என்ற புரோகிராமிங் மொழியில் இருக்கிற ஏஎம்டி64, ஆர்ம்64 என்ற பெயர்கள்தான் என் சாய்ஸ், சுருக்கமாக, குழப்பமில்லாமல் இருக்கும்.

இனிதான் உயிரை வாங்கும் இடம். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) 64 பிட்டாகவும் அதன் மேல் இருக்கும் மற்ற எல்லாமே 32 பிட்டாகவும் இருக்கலாம். மெஷின்() கர்னலைக் கேட்டுவிட்டு 'ஏஆர்ச்64' என்று சொல்லிவிடும். அதை நம்பி 64 பிட் பைனரியை இறக்கி ஓட்டினால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று எரர் வரும், எல்எஸ் அடித்துப் பார்த்தால் ஃபைல் அங்கேயேதான் இருக்கும்! உண்மையில் காணாமல் போனது அந்த ஃபைல் இல்லை, அதை லோடு செய்ய வேண்டிய 64 பிட் டைனமிக் லிங்கர். அதனால் சிஸ்.மேக்ஸ்சைஸ் > 2**32 என்று ஒரு செக் கட்டாயம் வையுங்கள். ஃபால்ஸ் வந்தால் ஓடுவது 32 பிட் பைத்தான், கர்னல் என்ன சொன்னாலும் 32 பிட் பைனரியையே இறக்குங்கள்.

எம்1 மேக்கில் (ஆப்பிளின் ஆர்ம் சிப் உள்ளது) இன்டெல் பைத்தானை, இன்டெல் புரோகிராம்களை அந்தச் சிப்புக்கு மாற்றி ஓட்டும் ரொசெட்டா வழியாக ஓட்டினாலும் இதே கதைதான், மெஷின்() 'எக்ஸ்86_64' என்று சொல்லும். இன்டெல் பைனரியும் ரொசெட்டாவில் ஓடிவிடும் என்பதால் பிழைத்தோம். நிஜ சிப் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் மேக்கில் சிஸ்சிடிஎல்.பிராக்_டிரான்ஸ்லேட்டட் என்ற சிஸ்டம் மதிப்பைப் பாருங்கள், 1 என்றால் ரொசெட்டா.

பின்சேர்க்கை: ஆண்ட்ராய்டில் ஓட்டுகிற சிலர் கேட்டிருந்தார்கள். பைத்தான் 3.13 முதல் அங்கே சிஸ்.பிளாட்ஃபார்ம் 'ஆண்ட்ராய்டு' என்று வரும், அதற்கு முன்பு 'லினக்ஸ்'. உங்கள் இஃப் வரிசையில் இரண்டுக்குமே இடம் வையுங்கள்.