பேசாமல் போன கோட்டை: எலக்ட்ரானிக் பிளேசெட்டில் (வீரர் பொம்மைகளை நிறுத்தி விளையாடும் செட்டில்) தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளக்கு, ஒலி, மோட்டாரில் இறங்கும் தூக்குப்பாலம் எல்லாம் உள்ள பொம்மைக் கோட்டை பழுதானால், "உள்ளே சிப் போய்விட்டது" என்பதுதான் பலருடைய முதல் தீர்ப்பு. பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு. சிப் ஒரு கறுப்பு எப்பாக்ஸி குமிழுக்குள் பத்திரமாக இருக்கிறது. அது கெடுவது அரிது, கெட்டால் சரிசெய்யவும் வழியில்லை. கெடுபவை அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை: பேட்டரி முனை, சுவிட்ச், வயர் இணைப்பு, பட்டன் ரப்பர், ஸ்பீக்கர், பல்சக்கரம். இவற்றில் பாதியைக் கெடுப்பது நம் அவசரம்தான்.

புதிய செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வரும் குழப்பம் ஒன்று உண்டு. கடையில் வாங்குபவர் அழுத்திப் பார்ப்பதற்காகப் பல செட்டுகளில் ஒரு முன்னோட்ட நிலை வைத்திருப்பார்கள். அந்த நிலையில் ஒன்றிரண்டு ஒலிகள் மட்டும் வரும், பாலம் அசையாது. பேட்டரி அறைக்கு அருகில் மூன்று நிலை சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, முழு இயக்க நிலைக்குத் தள்ளுங்கள். சில செட்டுகளில் சுவிட்சுக்குப் பதிலாக உருவ வேண்டிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இதைக் கவனிக்காமல் "பழுதான பொருள்" என்று திருப்பி அனுப்புபவர்கள் நிறையப் பேர்.

பேட்டரியில் நடக்கும் தவறுகள்

பழைய பேட்டரியோடு புதியதைக் கலப்பதுதான் முதல் குற்றம். மூன்று செல்கள் தொடராக இணைந்திருக்கும்போது, பலவீனமான செல் முதலில் தீர்ந்துவிடும். மற்ற இரண்டும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்தச் செல்லின் முனைகள் தலைகீழாகும், உள்ளே வாயு சேரும், கடைசியில் செல்லை அடைத்திருக்கும் முத்திரை பிளந்து கசியும். ஒரு செல் தீர்ந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். அல்கலைனையும் சாதாரண கார்பன்-துத்தநாகச் செல்லையும் ஒரே அறையில் போடுவதும் இதே வகைத் தவறு.

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்களைப் போடலாமா? அல்கலைன் ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், மூன்றுக்கு 4.5. நிக்கல் செல் 1.2 வோல்ட், மூன்றுக்கு 3.6. வெள்ளை, நீல எல்இடிகளுக்கே சுமார் 3 வோல்ட் வேண்டும் என்பதால் விளக்கு மங்கலாகத் தெரியும். சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், அதில் வித்தியாசம் தெரியாது. மோட்டாருள்ள கோட்டையில் நிக்கல் செல்லுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது: அதன் உள் மின்தடை குறைவு, அதனால் பாலம் தூக்கும் நேரத்தில் மின்னழுத்தம் அவ்வளவாக விழாது. ஆனாலும் கையேட்டில் "ரீசார்ஜ் செல் கூடாது" என்று இருந்தால் அதைக் கேளுங்கள்.

நிக்கல் செல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, 14500 என்ற லித்தியம் செல். அளவில் அப்படியே ஏஏ போல இருக்கும். ஆனால் அது 3.7 வோல்ட். மூன்று போட்டால் 11.1. சிப் உண்மையிலேயே சாவது இப்படித்தான்.

தீரும் நிலையில் இருக்கும் பேட்டரி, பழுது போலவே நடிக்கும். பட்டனை அழுத்தினால் ஒலி தொடங்கும், பாலம் அசையப் போகும் கணத்தில் எல்லாம் நின்று, மறுபடியும் தொடக்க ஒலியே வரும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் விழுந்து சிப் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவதன் அறிகுறி அது. மல்டிமீட்டரில் (மின்னழுத்தம், மின்தடை அளக்கும் கருவியில்) புது அல்கலைன் சுமார் 1.55 முதல் 1.6 வோல்ட் காட்டும். 1.3-க்குக் கீழ் என்றால் மோட்டாருக்கு அது உதவாது, ரிமோட்டுக்கு வேண்டுமானால் ஆகும். புது பேட்டரி போட்டும் விடாப்பிடியாக நின்றால், செல்களை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்னூட்டம் வடிந்து சிப் முற்றாக அணையும். பிறகு போட்டுப் பாருங்கள்.

சுவர் சார்ஜரிலிருந்து வயர் இழுத்து ஓட்டும் யோசனை வேண்டாம். இரண்டு செல் செட்டுக்கு அதன் 5 வோல்ட் அதிகம். பேட்டரி உள்ளே இருக்கும்போதே இணைத்தால் அல்கலைன் செல் சார்ஜாக முயன்று கசியும்.

கையில் பிடிக்கும் துணைப் பாகங்களில், அதாவது ஒலி எழுப்பும் வாள், கேடயம் போன்றவற்றில், பட்டன் செல் இருக்கும். அதன் மூடி ஸ்க்ரூ தொலைந்தால் டேப் ஒட்டிச் சமாளிப்பது ஆபத்தான சோம்பல். எலக்ட்ரிக் பொம்மைகளுக்கான ஐஇசி 62115 தரநிலை, இத்தகைய செல்களைக் குழந்தை எளிதில் எடுக்க முடியாதபடி மூடியிருக்கச் சொல்வது காரணத்தோடுதான். விழுங்கிய பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சரியான ஸ்க்ரூ கிடைக்கும்வரை அந்தப் பாகத்தைச் செல் இல்லாமல் விளையாடக் கொடுங்கள்.

கசிவைத் துடைக்கும் முறை

அல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். காற்று பட்டு வெள்ளைத் தூளாகப் படியும். தாமிரம், பித்தளை இருக்கும் இடத்தில் நீலப்பச்சையாகும். பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்கும் மைனஸ் முனையில்தான் தொடங்கும், ஏனென்றால் முத்திரை அந்தப் பக்கம் இருக்கிறது. இதில் பலர் பேக்கிங் சோடாவைப் போடுகிறார்கள். சோடாவும் காரம். காரத்தைக் காரத்தால் எப்படி முறிப்பது? வினிகரோ எலுமிச்சைச் சாறோதான் வேண்டும். சோடா, பழைய கார்பன்-துத்தநாகச் செல்லின் அமிலக் கசிவுக்கு உரியது.

கையுறை போட்டுக்கொண்டு, உலர்ந்த தூளை முதலில் பழைய டூத்பிரஷால் வெளியே தட்டுங்கள். உள்நோக்கி ஊதாதீர்கள், தூள் கண்ணுக்கும் சுவிட்சுக்கும் போகும். பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டு, பிழிந்து, முனையில் மட்டும் வையுங்கள். நுரைக்கும். நுரை நின்றதும் தண்ணீர் தொட்ட குச்சியால் துடைத்து, கடைசியாக 90 சதவீதத்துக்கு மேலுள்ள ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சில மணி நேரம் காய்ந்த பிறகே பேட்டரி. வினிகரை ஊற்றுவது தவறு: அறையின் அடியிலுள்ள துளை வழியாக அது சிப் இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு இறங்கும், பிறகு துடைக்க எட்டாது.

முனை பளபளவென்று ஆகியும் வேலை செய்யவில்லையா? கசிவு வயருக்குள் ஏறியிருக்கும். ஸ்பிரிங்கில் சாலிடர் செய்த இடத்தில் வயரின் உறையைச் சற்று உரித்துப் பாருங்கள். தாமிரம் கறுத்திருந்தால் அதில் சாலிடர் ஒட்டாது, எவ்வளவு சூடு வைத்தாலும் ஒட்டாது. பளபளப்பான தாமிரம் தெரியும்வரை வெட்டுங்கள், நீளம் போதாவிட்டால் புது வயர் போடுங்கள். முலாம் போய்த் துருப்பிடித்த ஸ்பிரிங்கைத் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றுவதைவிட மாற்றுவது நல்லது.

பொருத்தும்போது

கோபுரம், மதில், அடித்தளம் ஆகியவை தனித்தனியாக வந்து கொக்கியால் மாட்டும் செட்டுகளில், சில கொக்கிகள் ஒருமுறை மட்டுமே மாட்டுவதற்கானவை. கழற்றினால் முறியும். கையேட்டில் அந்தப் படியைப் படித்துவிட்டுத்தான் "டக்" என்று அழுத்த வேண்டும். குளிரில் இருந்த பிளாஸ்டிக் எளிதில் முறியும் என்பதால் அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள்.

கோபுர விளக்குக்கான மின்சாரம் அடித்தளத்திலிருந்து பித்தளைத் தகடு வழியாகவோ சிறு பிளக் வழியாகவோ போகும். கோபுரம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் விளக்கு எரியாது. வயர் உள்ள செட்டில், இரு பாதிகள் சேரும் விளிம்பில் வயர் நசுங்குவது வழக்கமான விபத்து. மூடும் முன் ஒரு சுற்று பார்த்தால் போதும்.

ஸ்டிக்கர்: ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரை இடத்தில் லேசாகத் தடவினால் ஒட்டிய பிறகும் நகர்த்திச் சரிசெய்யலாம். ஸ்பீக்கர் துளை, ஸ்க்ரூ குழி, ஒளி உணரும் சிறு ஜன்னல் ஆகியவற்றின் மேல் ஒட்டாதீர்கள்.

எந்த வீரருக்கு எந்தக் கோட்டை

3.75 அங்குல உருவங்கள் ஏறக்குறைய 1:18 அளவு, 6 அங்குலம் ஏறக்குறைய 1:12. சிறியவர்களுக்கான கோட்டையில் பெரியவர்களை நிறுத்தினால் தலை இடிப்பது மட்டுமல்ல சிக்கல். பொறிக்கதவின் தாழ்ப்பாள் எடை தாங்காமல் தானே திறக்கும், லிஃப்ட் மோட்டார் முனகும். பாதத்திலுள்ள முளை அல்லது காந்தம் மூலம் வீரரை அடையாளம் காணும் செட்டுகளும் உண்டு. வேறு வரிசை உருவத்தை நிறுத்தி ஒலி வரவில்லை என்றால் அது பழுதல்ல. முளை தளர்வாக இருந்தால் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றுங்கள். தடித்த முளையைத் திணித்துத் துளையை விரித்துவிட்டால் அந்தக் கோட்டையின் சொந்த வீரர்களே பிறகு நிற்க மாட்டார்கள்.

மோட்டார் இழுக்கும் பாலத்தைக் கையால் தூக்காதீர்கள். "கடக் கடக்" என்ற சத்தம் வந்தால் நழுவும் கிளட்ச் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கிளட்ச் இல்லாத மலிவு அமைப்பில் அதே சத்தம் பல் உடைவதைக் குறிக்கும். மோட்டார் ஓடும் ஒலி கேட்டும் பாலம் அசையாவிட்டால், மோட்டார் தண்டில் இறுக்கி ஏற்றிய சிறு பல்சக்கரம் விரிசல் விட்டு வழுக்குகிறது. பசை போட்டாலும் நிற்காது. அதே எண்ணிக்கைப் பற்களும், தண்டுக்கு ஏற்ற துளையும் உள்ள சக்கரம் வாங்க வேண்டும். பரவலாகப் பயன்படும் 130 வகை மோட்டாரின் தண்டு 2 மி.மீ. எண்ணெய் தேவைப்பட்டால் சிலிக்கோன் கிரீஸ், அதுவும் அரிசி அளவு. பெட்ரோலிய ஸ்பிரே ஏபிஎஸ் என்ற கடினப் பிளாஸ்டிக்கில் விரிசலை வரவழைக்கலாம்.

திறந்துதான் ஆக வேண்டும் என்றால்

பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றாக இருக்காது. நீளமானதைக் குட்டையான தூணில் (ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் குழலில்) திருகினால் முன்பக்கச் சுவரில் முனை எட்டிப்பார்க்கும். தாளில் கோட்டையின் பின்புறத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்த பின்னும் பிரியவில்லையா, நெம்பாதீர்கள். ஸ்டிக்கருக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள், குழி தட்டுப்படும். பிரிந்ததும் சடாரென்று விரிக்காமல் இரண்டு செ.மீ. மட்டும் திறந்து, எந்த வயர் எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் வயர் நூல் போல மெல்லியது, முதலில் அறுவது அதுதான்.

ஒரு பட்டன் மட்டும் மக்கர் செய்தால், போர்டில் அந்தப் பட்டனுக்குரிய இரண்டு கறுத்த தடங்களை உலோக முனையால் இணையுங்கள், பேட்டரி போட்ட நிலையில். ஒலி வந்தால் சிப் நன்றாக இருக்கிறது, பட்டனுக்கு அடியிலுள்ள மின்சாரம் கடத்தும் ரப்பர்தான் அழுக்கு. ரப்பர், தடம் இரண்டையும் ஆல்கஹாலால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் கடத்தும் கார்பன் பூச்சே போய்விடும், திரும்பி வராது.

ஒலியே இல்லை, விளக்கு மட்டும் எரிகிறது என்றால் ஸ்பீக்கரை அளவிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 7 முதல் 8 வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. மாற்றும்போது 8-க்கு 8 தான். கையில் கிடைத்தது என்று 4 ஓம் போட்டால் சிப்பிலிருந்து அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கும்.

திரும்ப மூடும்போது மின் ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். பழைய மரையில் இறங்கும்போது சிறு "டிக்" உணர்வு வரும். அதன்பிறகு வலப்பக்கம். நேராகத் திருகினால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டப்பட்டுத் தூண் பிளந்துவிடும்.

கூடுதல் விளக்கு வைக்க ஆசைப்படுபவர்கள் சிப்பின் முனையிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து தனி சுவிட்ச் வழியாக எடுத்து, ஒவ்வொரு எல்இடிக்கும் மின்தடை போடுங்கள். 4.5 வோல்ட்டில் சுமார் 15 மில்லி ஆம்பியருக்கு, வெள்ளைக்கு 100 ஓம், சிவப்புக்கு 180 ஓம்.

துடைப்பதும் எடுத்து வைப்பதும்

நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும், தின்னரும் அப்படியே. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். தொட்டியில் முக்கினால் காகித ஸ்பீக்கர் கூம்பு ஊறிப்போகும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரி உள்ளே இருக்கக் கூடாது, "அணைத்துத்தானே இருக்கிறது" என்ற சமாதானம் செல்லாது. மென்மையான பிவிசி வீரர்களைக் கோட்டைக்குள்ளேயே நிறுத்திப் பெட்டியில் போடுவதும் தவறு. பிவிசியை மென்மையாக்கும் வேதிப்பொருள் வெளியே கசிந்து, பாதம் பட்ட தரையை உருக்கி ஒட்டவைக்கும். ரப்பர் பேண்டும் இதையே செய்யும். தனித்தனியாகப் பாலித்தீன் பையில் போடுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் சாம்பல் நிறச் சுவர் மஞ்சளாகும்.

பழைய செட் வாங்குபவர்கள் முன்பக்கப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மூடியைக் கழற்றிய பேட்டரி அறையின் படத்தைக் கேளுங்கள், ஸ்பிரிங்குகள் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பட்டனையும் அழுத்தும் வீடியோவும் வேண்டும். பாலம் முழுதாக இறங்கி ஏறுவதுவரை அது வெட்டாமல் ஓட வேண்டும். தொலைந்துபோகும் பாகங்கள் எப்போதும் சிறியவைதான்: கொடி, அரியணை, பொறிக்கதவின் மூடி, ஆயுதத் தட்டு, பேட்டரி மூடி. "பேட்டரி இல்லாததால் சோதிக்கவில்லை" என்று விற்பவர் எழுதியிருந்தால், வேலை செய்யாத கோட்டைக்கு என்ன விலை தருவீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள்.